வெயிலுகந்தாள் வீட்டுப் பனி

வெயிலுகந்தாள் வெளிநாடு போகப்போகிறாள் என்ற சேதி வெள்ளூரணி முழுக்கப் பரவிய மறுநாள் காலையில், கத்திரி வெயில் பிறந்து ஊர்க் கோழிகளெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிழல் தேடி அலைந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் வீட்டு முற்றத்தில் மட்டும் பனி பெய்தது. மார்கழியில் புல் நுனியில் நிற்கிற பனி இல்லை. ஐஸ் வண்டிக்காரன் கட்டையில் துருவிக் கொடுப்பானே, அந்த மாதிரி வெள்ளைவெளேரென்று, சத்தமே இல்லாமல், வேப்பமரத்தின் மேலும் மாட்டுத்தொட்டியின் மேலும் கொடியில் கிடந்த பாவாடையின் மேலும் இறங்கிக்கொண்டே இருந்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பொட்டுகூட விழவில்லை. அங்கே தெரு கொதித்துக்கொண்டு கிடந்தது.

வாசல் தெளிக்க வாளியோடு வந்த வெயிலுகந்தாள் கதவுப்படியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கையை நீட்டினாள். உள்ளங்கையில் விழுந்தது ஜில்லென்று சுட்டுவிட்டுத் தண்ணீரானது. அதன்பிறகு அவள் வாளியை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு மாட்டுக்கும் முதுகில் சாக்கைப் போர்த்திக் கட்டிவிட்டு, பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று பாத்திரம் எடுக்கப் போனாள்.

வெள்ளூரணியிலிருந்து வெளிநாடு போனவர்கள் இல்லாமல் இல்லை. கடனை அடைக்கப் போனவன் உண்டு, தங்கச்சியைக் கட்டிக்கொடுக்கப் போனவன் உண்டு, வீட்டுக்கு மேல் மாடி எடுக்கப் போய், மாடி எடுத்து, அந்த மாடியில் ஒருநாள்கூடப் படுக்காமல் அங்கேயே கிடப்பவனும் உண்டு. ஒவ்வொருத்தரும் போகும்போது ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊரும் அந்தக் காரணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நியாயந்தான் என்று தலையாட்டி, ஊர் முகப்பிலிருந்த மந்தைத் திடல் வரைக்கும் வந்து வழியனுப்பியது. வெயிலுகந்தாளிடம் அப்படி ஒரு காரணம் இல்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்து, சொசைட்டியில் பால் பரிசோதிக்கிற வேலையும் இரண்டு மாடும் அப்பா எழுதிவைத்த வீடுமாக, யாருக்கும் பாரமில்லாமல், நாற்பதைத் தொடப்போகிற பொம்பளை அவள். அவளுக்குக் கடனும் இல்லை, கரையேற்ற வேண்டிய பிள்ளையும் இல்லை. நியூசிலாந்து என்கிற தேசத்தின் தென்கோடியில், எந்நேரமும் ஈரமாயிருக்கிற பச்சைப் புல்லில் ஒரு பெரிய மாட்டுப்பண்ணை இருக்கிறது, அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, போனைப் பார்த்தே இங்கிலீஷ் படித்து, அந்த போனிலேயே மாட்டையும் மடியையும் காட்டிப் பேசி, வேலையை வாங்கிவிட்டாள். ஆனி முதல் தேதிக்குள் அங்கே போய் நிற்க வேண்டும். தவறினால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

"எதுக்குக்கா போற?" என்று கேட்டான் தம்பி சங்கரபாண்டி. பனிக்குப் பயந்து தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முற்றத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். "இங்க உனக்கு என்ன கொற? யாரும் ஏதும் சொன்னாகளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பெறகு?"

"போகணும்னு இருக்கு. போறேன்."

"போகணும்னு இருந்தா போயிருவியா? நல்லா இருக்கே கத. எனக்குங்கூடத்தான் என்னென்னமோ இருக்கு."

"இருந்தா நீயும் போ. நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

சங்கரபாண்டி தலைத்துண்டை உதறி மறுபடி சுற்றிக்கொண்டான். கூட வந்திருந்த அவன் மனைவி உலகம்மாள், பனியில் ஒற்றை விரலால் கோடு கிழித்துக்கொண்டே, "அங்க கடல் உண்டா மதினி?" என்று கேட்டாள். தூத்துக்குடிக் கடல் இரண்டு மணி நேரப் பஸ் தூரம். ஆனாலும் உலகம்மாள் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் கூட்டிப்போகிறேன் என்று சொல்கிற சங்கரபாண்டிக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு வேலை வந்துவிடும்.

"நாலு பக்கமும் கடல்தான்" என்றாள் வெயிலுகந்தாள்.

முதல் இரண்டு நாள் ஊர் சுவருக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் உள்ளே வந்தது. வந்த பிறகு பனி ஏன் பெய்கிறது என்று யாரும் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. போகிற தேசத்து வானம் முன்கூட்டியே வந்து இடம் பார்க்கிறது போல என்று பூசாரி குருவையா சொன்னதை, சரி அப்படித்தான் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் இருபது வருஷம் முன்னால் கொடைக்கானல் போய்வந்த ஒருத்தர் மட்டும், "இதெல்லாம் என்ன, கொடைக்கானல்ல இதவிட ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே, அங்கே வாங்கிய குரங்குக் குல்லாவைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு தினமும் வந்து உட்கார்ந்தார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் மத்தியானத் தூக்குவாளியோடு வந்து, இருக்கிற கம்பளியைப் பங்குபோட்டுப் போர்த்திக்கொண்டு, பல் நடுங்கச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுப் போனார்கள். வேர்க்குருவில் அழுத பிள்ளைகளை அங்கே தூக்கிவந்து தூங்கவைத்தார்கள். நிறைமாதக்காரிகள் சுவரோரம் பாய் விரித்தார்கள். மல்லிகைப்பூ வியாபாரிகள் மூட்டை மூட்டையாகப் பூவைப் பனிக்குள் புதைத்து, மறுநாள் அப்போது பறித்த மாதிரி எடுத்தார்கள். அந்த வியாபாரத்தைச் சங்கரபாண்டி பார்த்துக்கொண்டான். பார்த்துக்கொண்டான் என்றால், அக்காவிடம் கேட்காமல் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஏன் போகிறாய் என்று கேட்ட வாய்களெல்லாம் இப்போது வேறு கேள்வி கேட்டன. "நீ போய்ட்டா பனியும் போயிருமா தாயி?" என்று கேட்டார்கள்.

அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்காக நிற்கிற ஆள் இல்லை. அவள் காலையில் பாலைக் கறந்து, சொசைட்டிக்குப் போய்வந்து, சாயங்காலம் அந்தக் கூட்டத்துக்கு நடுவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு பனியில் நடந்து பழகினாள். பாதம் முதலில் எரிந்தது, பிறகு மரத்தது, பிறகு பழகிவிட்டது. எரிந்தபோதுகூட அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வைகாசியில்தான் நாட்டாமை பெருமாள்சாமி வீட்டில் மகள் கல்யாணம் வைத்திருந்தார்கள். பந்தல் போட்டு, வாழைமரம் கட்டி, சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்கியும்விட்டார்கள். முகூர்த்தத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில், கீழத்தெருப் பெரியவர் ஒருத்தர் காப்பி கேட்டார், காப்பி வருவதற்குள் போய்விட்டார். வெள்ளூரணியில் ஒரு பிணம் விழுந்தால் அதை எடுக்கிற வரைக்கும் ஊர் எல்லைக்குள் ஒரு நல்ல காரியம் நடக்கக் கூடாது, கோயில் நடை திறக்கக் கூடாது. பெரியவரின் மகனோ சூரத்தில் இருந்தான். அவன் வந்து சேர மறுநாளாகும். மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறத் தொடங்கியது. இந்த முகூர்த்தம் தப்பினால் அபசகுனம், நாங்கள் வேனைத் திருப்புகிறோம் என்றார்கள். நாட்டாமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூசாரி வீட்டுக்கு ஓடினார். இருவரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பேசி முடித்து நேராக வெயிலுகந்தாள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள், பின்னாலேயே ஊரும் வந்தது.

பூசாரி குருவையா வெண்கலச் செம்பில் கரைத்த மஞ்சள்தண்ணியை, வேப்பங்கொத்தால் தொட்டு, பனி முடிகிற இடமெல்லாம் சுவரை ஒட்டிச் சுற்றித் தெளித்துக்கொண்டே வந்து, வாசலில் ஒரு கோடாக முடித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். "இந்தக் கோட்டுக்கு உள்ள இருக்கது நம்ம வானமும் இல்ல, நம்ம மண்ணும் இல்ல. அது அந்தத் தேசம். நம்ம ஊரு எல்ல இந்தக் கோட்டோட முடிஞ்சது. மாரியாத்தா சாட்சி. நம்ம தீட்டு அங்க ஒட்டாது."

"மாரியாத்தா சாட்சி" என்றார் நாட்டாமை, எல்லாரையும்விடச் சத்தமாக.

அப்படியாக அந்தக் கல்யாணம் பனிக்குள் நடந்தது. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகைக்குக் கீழே குரங்குக் குல்லா மாட்டிவிட்டார்கள். நாதஸ்வரக்காரருக்கு வாயில் வைத்து ஊதுகிற சீவாளி விறைத்துப்போய்க் கெட்டிமேளத்துக்குத் தவில் மட்டுந்தான் கேட்டது. அட்சதை விழுந்ததா பனி விழுந்ததா என்று தெரியாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுகந்தாள் மாட்டுக்கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கோட்டையும் பார்த்துக்கொண்டாள்.

அவள் பெட்டி கட்டுகிற நாளும் வந்தது. மாடு இரண்டையும் உலகம்மாள் பேருக்கு விட்டாயிற்று. கம்பளிச் சட்டைக்கு நடுவில் மிளகாய்ப்பொடியைச் சுருட்டிவைத்துக்கொண்டிருந்தபோது, உலகம்மாள் கொல்லை வழியாக ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"மதினி, நாளைக்குக் காப்புக் கட்டுறாக."

"மாரியாத்தா பொங்கலு ஆடியிலதானடி?"

"முன்னுக்கு இழுத்துட்டாக. எல்லாம் உங்க தம்பியும் நாட்டாமையுஞ் சேந்துதான். காப்புக் கட்டிட்டா யாரும் எல்ல தாண்டக் கூடாதுல்லா? எட்டு நாள் கட்டிப்போட்டா அந்த வேல தன்னால போயிரும், பெறகு இவ எங்க போவாங்காக. நான் சாப்பாடு போடும்போது உங்க தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்லுதாரு."

வெயிலுகந்தாள் பெட்டியை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். காப்பு என்றால் வெறும் கயிறு இல்லை. அம்மன் கையிலும் பூசாரி கையிலும் மஞ்சள் கயிறு ஏறி மேளம் முழங்குகிற அந்த நேரத்தில் யார் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ அவர்கள் அத்தனை பேரும் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மீறினால் அம்மனை மீறியதாகும். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள் மேளச் சத்தத்துக்கு முன்பே பஸ் ஏறிவிடுவார்கள். அவளுக்கு ஊரோடு ஆயிரம் கோபம் உண்டு. மாரியோடு ஒரு சண்டையும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதானே இந்த முடிச்சைப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அவளுக்குக் கழுத்துவரை ஆத்திரம் ஏறியது.

"இன்னைக்கே கெளம்பிருங்க மதினி."

"மாட்டேன். திருடியா நான், சொல்லாமக் கொள்ளாம ஓடுறதுக்கு? டிக்கெட் போட்ட நாள்லதான் போவேன். தெரு வழியாத்தான் போவேன்."

மறுநாள் சாயங்காலம் ஊரே கோயிலில் கூடியது. சங்கரபாண்டி வந்து வாசலில் நின்று, "வாக்கா, காப்புக் கட்டும்போது வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது, குடும்பத்தோட நிக்கணும்" என்று தேனாகப் பேசினான். அவள் வேப்பமரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். தலையிலும் தோளிலும் பனி விழுந்துகொண்டிருந்தது.

"நீ போ. நான் இங்கனக்குள்ள உக்காந்துக்கிடுதேன்."

எங்கே உட்கார்ந்தால் என்ன, மேளம் எல்லா வீட்டுக்கும்தான் கேட்கும் என்று அவன் திருப்தியோடு போனான். மேளம் முழங்கியது. குலவை கேட்டது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா, நீயே பாத்துக்கிட்டிருக்க" என்று மட்டும் சொன்னாள்.

விடிந்ததும் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, அதன்மேல் கம்பளிச் சட்டை போட்டு, பெட்டியை உருட்டிக்கொண்டு வெயிலுகந்தாள் வாசலுக்கு வந்தாள். தெருவில் ஊர் நின்றது. நடுவில் நாட்டாமை, பக்கத்தில் கையில் காப்போடு பூசாரி, பின்னால் மீசையைத் தடவிக்கொண்டு சங்கரபாண்டி.

"எங்க தாயி கெளம்பிட்ட?" என்றார் நாட்டாமை. "நேத்துக் காப்புக் கட்டியாச்சே. ஊர்க்காரங்க எல்ல தாண்டக் கூடாதுல்லா."

"ஊர்க்காரங்க தாண்டக் கூடாது. நீங்க தாண்டாதீக."

"நீ யாரு?"

"நேத்து மேளம் அடிக்கும்போது நான் இந்தக் கோட்டுக்கு உள்ள இருந்தேன்" என்று அவள் காலடியைக் காட்டினாள். மஞ்சள் கோடு வெயிலில் காய்ந்து அழியாமல் கிடந்தது. "உள்ள இருக்கது அந்தத் தேசம்னு நீங்கதான சொன்னீக? நான் நேத்தே அங்க போய்ட்டேன். இப்ப வெளியூர்க்காரியாத்தான் உங்க தெரு வழியா நடந்து போறேன். வெளியூர்க்காரங்களக் காப்புக் கட்டுப்படுத்துமா பூசாரி அண்ணாச்சி?"

குருவையா தொண்டையைக் கனைத்தார். கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். "கட்டுப்படுத்தாது" என்றார்.

"அது கல்யாணத்துக்காகச் சொன்னதுல்லா!" என்று நாட்டாமை கத்தினார். "அன்னைக்கு ஒரு அவசரம். அதுக்காக, எல்ல எல்லயில்லாமப் போயிருமா?"

"அப்பச் சரி. கோடு பொய்யின்னு சொல்லுங்க, நான் பெட்டிய உள்ள வச்சிருதேன். ஆனா கோடு பொய்யின்னா உங்க மக தாலி பெணம் கெடக்கும்போது ஊருக்குள்ள ஏறுன தாலி. சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டு நீங்க சொல்றீகளா, நான் சொல்லட்டா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து நாட்டாமையின் சம்சாரம் இரண்டு கையாலும் ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கோடு நெசந்தான்!" என்று அலறினாள். "ஆத்தா சாட்சியாப் போட்ட கோடு. யாராச்சும் பொய்யின்னு சொன்னா நாக்க இழுத்து வச்சு அறுத்துப்போடுவேன். ஏங்க, அவ வெளியூர்க்காரிங்க. வழிய விடுங்க!"

நாட்டாமை வழியை விட்டார். குருவையா, பயணம் போகிற வெளியூர்க்காரருக்குக் கொடுக்கிற மாதிரி, ஒரு சிட்டிகை திருநீறை எடுத்து அவள் கையில் போட்டார். சங்கரபாண்டி மட்டும் மீசையிலிருந்து கையை எடுக்க மறந்துபோய் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது, மறுகணம் பூவியாபாரம் ஞாபகம் வந்தது, நடந்துவிட்டாள்.

மந்தையில் நாட்டாமை மறுபடி பின்னால் வந்து நின்றார். இப்போது அவர் குரலில் அதிகாரம் இல்லை. "போறது போற. என்ன காரணம்னாவது ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ தாயி. யாராச்சும் கேட்டா ஊரு என்னன்னு சொல்லும்?"

"ஆசையா இருந்துச்சு, போறேன்."

"ஆசையெல்லாம் ஒரு காரணமா?"

"எனக்குப் போதும்" என்றாள் வெயிலுகந்தாள்.

உள்ளூர் ஆட்டோக்காரன் காப்புக்குக் கட்டுப்பட்டவன் என்பதால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் வரவில்லை. பெட்டியைத் தானே உருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அவள் எல்லைக்கல்லைத் தாண்டியதும் முற்றத்துப் பனி மொத்தமும் ஒரே மூச்சில் உருகியது. வாசலைத் தாண்டி, மஞ்சள் கோட்டைத் தாண்டி, தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்தது. வருஷக்கணக்காக லாரித் தண்ணிக்குக் காத்துக்கிடந்த ஊர், நல்ல தண்ணி ஓடுவதைப் பார்த்ததும் அவளை மறந்து குடத்துக்கு ஓடியது. சங்கரபாண்டி டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடினான். பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த வெயிலுகந்தாளுக்கு, குடங்கள் ஒன்றோடொன்று இடிபடுவதும், பேர்போன வறட்டு ஊரணிக்குள் தண்ணீர் இறங்குவதும் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பொங்கலை முன்கூட்டிச் சாட்டியதால்தான் மாரியாத்தா மனம் குளிர்ந்து ஊரணியை நிரப்பினாள் என்று அன்றைக்குச் சாயங்காலமே ஊர் முடிவுகட்டிவிட்டது, இனி ஒவ்வொரு வருஷமும் வைகாசியில்தான் காப்பு.

ஆவணி வாக்கில் ஒருநாள், அந்தத் தென்கோடித் தேசத்தில், முழங்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வெயிலுகந்தாள் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வேலை கடினமாகத்தான் இருந்தது, காற்று எலும்பைத் துளைத்தது, ராத்திரி சாப்பிடும்போது பேச ஆளில்லாமல் சிலநாள் அழுகையும் வந்தது. ஆனாலும் ஒருநாள்கூட, ஏன் வந்தோம் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. போனில் உலகம்மாள். பின்னால் என்னவோ பெரிதாக இரைந்தது.

"என்னட்டி சத்தம்? மழையா?"

"மழ எங்கிட்டுப் பெய்யுது மதினி" என்றாள் உலகம்மாள், ரகசியமாக. "அடுப்படிக்குள்ள அல அடிக்குது. மூணு நாளா. கடுகு டப்பாவத் தொறந்தா ஈரமணலு. நேத்து அஞ்சறப்பெட்டிக்குள்ள ஒரு சங்கு கெடந்துச்சு."

வெயிலுகந்தாள் மாடுகளை விட்டுவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"தம்பிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் சொல்லல. சொன்னா நாளைக்கே மீன் யாவாரத்துக்கு வாசல்ல நாற்காலியப் போட்டுருவாரு." அலை ஒன்று வந்து உடைந்தது. உலகம்மாள் சிரித்தாள். "நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் மதினி. மஞ்சத்தண்ணியக் கரச்சு, அடுப்படி நெலப்படியில நானே கோடு போட்டுட்டேன்."